அணுக்கழிவும் நட்டஈடும்: வெருகற் கரையிலிருந்து ஒரு மறுப்பு

மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலொடு கலக்குமிடத்திலே திருகோணமலை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்குகின்றது. ஆற்றங்கரையிற் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டுள்ளார். வயலும் சேனையும் களப்பும் கடலுமே இப்பிரதேச மக்களின் சீவனோபாயம். 2004 டிசெம்பர் 26இல் இக்கரைக்குக் கடல் வந்தது. 2006இல் மாவிலாற்றின் அணைக்கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் வந்தது. ஈச்சிலம்பற்று மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினர். 2007இல் எஞ்சியவற்றைத் தேடி மீண்டனர். இழந்தவற்றை எழுதுக, ஒப்பமிடுக, காத்திருக்க என்னும் மூன்று கட்டளைகளையும் இம்மக்கள் நன்கறிவர். நட்டஈடு என்னும் சொல்லின் பொருளை அகராதியிற் கல்லாது வாழ்விற் கற்றவர்கள் அவர்கள்.

இத்தகையதொரு கரையில் நின்று அணுக்கழிவைப் பற்றிப் பேசுதல் பொருத்தமற்றதெனச் சிலர் கருதக்கூடும். இலங்கையில் அணுமின் நிலையம் எதுவும் இல்லை. ஆயின், அணுமின் உற்பத்தியில் இறங்குவதற்கு இந்நாடு எவ்வளவு ஆயத்தமாயுள்ளது என்பதைச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று 2022இல் வந்து ஆராய்ந்து சென்றது. அணுசக்திச் சட்டம் 2014ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. உலை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் இனி ஓயப்போவதில்லை. அவ்விவாதத்தில் மின்னலகொன்றின் விலை பேசப்படுகின்றது. வெளிநாட்டுக் கடன் பேசப்படுகின்றது. நிலக்கரிப் புகை பேசப்படுகின்றது. உலை எரித்து முடித்தபின் எஞ்சுவது எவ்வூரிற் கிடக்கும் என்பது மாத்திரம் பேசப்படுவதில்லை. யாரேனும் கேட்டால், "சனநெருக்கமற்ற கரையோரமொன்றில் வைக்கலாம், அங்குள்ளோர்க்குத் தகுந்த நட்டஈடு கொடுக்கலாம்" என்று ஒரே மூச்சில் விடை வருகின்றது. சனநெருக்கமற்ற கரையோரம் என்ற தொடர் எவ்வெவ் ஊர்களைக் குறிக்கும் என்பதைக் கண்டறிய வரைபடம் தேவையில்லை. எண்ணெய்க் குதங்கள், கடற்படை முகாம்கள், நிலக்கரி மின்நிலையத் திட்டம் என நாட்டின் பாரமான பொருள்களையெல்லாம் ஏற்கும் கிடங்காகவே திருகோணமலை மாவட்டம் நெடுங்காலமாக நோக்கப்பட்டு வந்துள்ளது.

எனவே, உலை கட்டப்படுவதற்கு முன்னரே, நட்டஈடு என்ற அந்த ஒற்றைச் சொல்லை நிறுத்தி வைத்து விசாரித்தல் அவசியமாகின்றது.

நட்டஈடு என்ற சொல்லின் பிழை

நட்டஈடு என்பது நிகழ்ந்த நட்டத்திற்கு ஈடு. பஸ் மோதிக் கால் முறிந்தவனுக்கும், வெள்ளத்திற் பயிரிழந்தவனுக்கும் அது பொருந்தும். நட்டம் கண்ணுக்குத் தெரியும். பட்டவன் யாரெனத் தெரியும். தொகையை வாங்கியதோடு கணக்கை முடிக்கவும் இயலும். அணுக்கழிவில் இம்மூன்றும் இல்லை.

உலையினின்று வெளியெடுக்கப்படும் எரிபொருட் கோல்கள் அகற்றப்பட்ட பின்னரும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டேயிருக்கும். அவற்றைப் பல ஆண்டுகள் நீர்த்தொட்டிகளில் ஆழ்த்திக் குளிர்விக்க வேண்டும். அதன்பின் உலர்கலங்களில் அடைத்துக் காவலில் வைக்கலாம், அல்லது மீள்பதப்படுத்தலாம், ஈற்றிலே நிலத்தின் ஆழத்தில் அடக்கம் செய்தாக வேண்டும். அவற்றிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் செல்லும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய ஏறத்தாழ 24,100 ஆண்டுகள் செல்லும். தமிழிற் கிடைக்கும் மிகப் பழைய நூலின் வயதை இதனோடு ஒப்பிட்டு நோக்கின், எத்தகைய காலத்தைப் பற்றி ஒப்பந்தம் எழுதப்படுகின்றது என்பது விளங்கும். கையெழுத்திடுபவன் ஒருவன், காவலிருக்க வேண்டியவர்களோ இன்னும் பிறவாத ஆயிரம் தலைமுறையினர்.

கலங்கள் ஒருபொழுதும் கசியாமலே இருக்கலாம். அப்போதும் நட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. 2023 ஆகஸ்டில் புக்குசிமா உலையின் சுத்திகரிக்கப்பட்ட நீரை யப்பான் கடலில் விடத் தொடங்கியபோது, சர்வதேச முகவரகம் அதனாற் பாதிப்பு மிகச் சிறிதே எனக் கூறியிருந்தது. இருந்தும் சீனா யப்பானியக் கடலுணவு முழுவதையும் தடைசெய்தது. மீனின் பெயர் கெட்டமையால் வருகின்ற இழப்பிற்கும் மீனவரின் எதிர்காலத்திற்குமென 8,000 கோடி யென் நிதியை யப்பானிய அரசு ஒதுக்க நேர்ந்தது. கதிர் பட்ட மீனும் படாத மீனும் சந்தையில் ஒன்றே. வெருகல் முகத்துவாரத்து மீனவன் பிடிக்கும் மீனுக்கு இவ்வாறு ஒரு பெயர் வந்துவிட்டால், அவனுக்கு 8,000 கோடி யென் கொடுப்பவர் யார்?

ஆகவே, கழிவுக்கு இடங்கொடுக்கும் ஊருக்குச் செல்லும் பணம் நட்டஈடன்று. அது காவற்கூலி. நாடு முழுவதும் பயன்படுத்திய மின்சாரத்தின் எச்சத்தை ஓர் ஊர் காக்கின்றது; அதற்கு நாடு கடன்பட்டிருக்கின்றது. நட்டஈடு பெறுபவன் கையேந்தி நிற்கின்றான். காவற்கூலி பெறுபவனுக்கு நிபந்தனை விதிக்கும் உரிமையும், வேலையை ஏற்க மறுக்கும் உரிமையும் உண்டு.

கூடங்குளம் கற்பிக்கும் பாடம்

இதற்கு அண்மித்த சான்று பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ளது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில் 1,000 மெகாவாற்று உலைகள் இரண்டு இயங்குகின்றன. 2011இல் இடிந்தகரை மீனவர்கள் தொடங்கிய உண்ணாநோன்பு நீண்டதொரு போராட்டமாயிற்று. 2012 மார்ச் 19இல் உலைப்பணிக்குத் தமிழ்நாட்டு அமைச்சரவை இசைந்தது. அன்றே அப்பிரதேசத்துக்கு 500 கோடி ரூபா அபிவிருத்தி நிதியும் அறிவிக்கப்பட்டது. அன்றே பெருந்தொகையான பொலிசார் அங்குக் குவிக்கப்பட்டுப் போராட்டக்காரர் கைதுசெய்யவும் பட்டனர். ஒரு கையிற் பணமும் மறு கையிற் குண்டாந்தடியும் ஒரே நாளில் நீட்டப்பட்டமை தற்செயலன்று. வேண்டாமென்று சொல்ல முடியாத இடத்திற் கொடுக்கப்படும் பணத்தின் இயல்பே அதுதான்.

அந்த 500 கோடியில் வீடும் வீதியும் மீனவர்க்கான வசதிகளும் பேசப்பட்டன. எரிந்த கோல்கள் எத்தனை ஆண்டு அவ்வூரிற் கிடக்கும் என்ற வினாவுக்கு அது விடையன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே 6இல் உலைக்குத் தடைவிதிக்க மறுத்து வழங்கிய தீர்ப்பில் 15 நிபந்தனைகளை விதித்தது. ஆழ்நிலக் களஞ்சியம் விரைவில் அமைக்கப்படல் வேண்டுமென்றும் வற்புறுத்தியது. ஐந்தாண்டுகளில் உலைக்கு வெளியே களஞ்சியம் அமையும் எனப்பட்டது. 2018இல் மேலும் அவகாசம் கோரப்பட்டது. 2019 யூலை 10இல் அக்களஞ்சியம் பற்றி நடைபெறவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பின் காரணமாகப் பிற்போடப்பட்டது. 2022 பெப்ருவரியில் மாநில முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதி, எரிபொருளை இரசியாவுக்கே திருப்பியனுப்புமாறு கேட்டார். பத்தாண்டுகளுக்குமுன் அதே மாநில அரசு அவ்வூராருக்கு அச்சம் வேண்டாமெனக் கூறியிருந்தது!

இவ்விடத்திற் கோலார் தங்கவயலையும் நினைவுகூர்தல் தகும். தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. கைவிடப்பட்ட அச்சுரங்கங்கள் கழிவுக் களஞ்சியமாகக்கூடும் என்ற செய்தி 2012 நவம்பரில் வெளிவந்ததும் கர்நாடகம் கொதித்தெழுந்தது. அவ்வாறான திட்டம் இல்லையென மத்திய அரசு சில நாள்களிலேயே மறுத்துரைத்தது. மாநிலமே எழுந்து நின்றபோது திட்டம் சில நாளில் மறைந்தது. மீனவக் கிராமங்கள் தனித்து நின்றபோது பல்லாண்டுப் போராட்டமும் போதவில்லை. கழிவுக்கு இடந்தேடுவோர் பாறையின் உறுதியோடு மக்களின் பலவீனத்தையும் அளந்து பார்க்கின்றனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

வாங்கியோரும் மறுத்தோரும்

பிற நாடுகளின் அனுபவத்தை நோக்கின், பணம் எங்கே கைக்கூலியாகின்றது, எங்கே நியாயமாகின்றது என்பது தெளிவாகும்.

தாய்வானின் தென்கிழக்கே லான்யூ என்னும் சிறுதீவு உள்ளது. தாவோ எனப்படும் பழங்குடி மீனவர் வாழும் தீவு அது. 1982 முதல் அங்கு அணுக்கழிவுப் பீப்பாய்கள் இறக்கப்பட்டன. அவை ஏறத்தாழ ஒரு இலட்சமாகப் பெருகின. கட்டப்படுவது மீன் தகரத்திலடைக்கும் தொழிற்சாலை எனத் தங்களுக்குக் கூறப்பட்டதாகத் தீவு மக்கள் சொல்கின்றனர். மக்களின் சம்மதம் பெறப்படவில்லை என்பதை அரசின் விசாரணையே பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டது. 2019இல் 255 கோடி தாய்வான் டொலர் நட்டஈடாக அறிவிக்கப்பட்டபோது, "முதலிற் கழிவை அகற்றுங்கள்" என்றே தீவில் எதிர்க்குரல் எழுந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் பிந்தி வந்த பணம் மன்னிப்பாகவும் அமையவில்லை, கூலியாகவும் அமையவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதனினும் வெளிப்படையானது. நெவாடா மாநிலத்து யக்கா மலையைத் தனியிடமாகக் குறித்த அத்திருத்தம், கழிவு வருமுன் ஆண்டுக்கு 1 கோடி டொலரும் வந்தபின் ஆண்டுக்கு 2 கோடி டொலரும் தருவதாகக் கூறியது. நிபந்தனை ஒன்றே: திட்டத்தை ஆட்சேபிக்கும் உரிமையை மாநிலம் கைவிடல் வேண்டும். எதற்கான விலை என்பதைச் சட்டமே எழுதிவைத்தது. நெவாடா அப்பணத்தை ஏற்கவில்லை; அம்மலைக்குள் கழிவும் செல்லவில்லை.

சுவிற்சர்லாந்தின் வொல்பென்சீசன் என்ற ஊரில் 1993இல் நிகழ்ந்த ஆய்வொன்று பொருளியலாளரிடையே பெயர்பெற்றது. கழிவுக் களஞ்சியத்தை ஏற்பீர்களா எனக் கேட்டபோது 50.8 வீதத்தினர் ஆம் என்றனர். பணமும் தரப்படும் எனக் கூறிக் கேட்டபோது அவ்வீதம் 24.6 ஆகச் சரிந்தது. தொகையை உயர்த்தியும் பயனில்லை. நாட்டுக்கான கடமையென எண்ணி ஏற்க முன்வந்தவனிடம் விலை பேசியதும் அவன் முகம் திருப்பிக்கொண்டான். ஒரு கிராமத்தவனின் மனத்தைப் பொருளியலாளர் கண்டறிய ஆய்வு வேண்டியிருந்தது; கோயிலுக்கு விறகு கொடுத்தவனிடம் விறகின் விலையைக் கேட்டால் என்ன நிகழும் என்பது வெருகலில் எவர்க்கும் தெரியும்.

இவ்வாய்வைக் காட்டிப் பணமே கொடுக்கலாகாது என்பாரும் உளர். அது தவறான முடிபு. சுவீடனில் ஒஸ்தம்மார், ஒஸ்கர்சம்ன் என்னும் இரு நகரசபைகள் ஈற்றுத் தெரிவில் எஞ்சி நின்றன. மறுக்கும் உரிமை இரண்டுக்கும் சட்டத்திலே இருந்தது. 2009இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 150 முதல் 200 கோடி குரோனர் பெறுமதியான நன்மைகள் இரண்டு ஊருக்கும் பகிரப்படும். அதில் 75 வீதம் தெரிவுசெய்யப்படாத ஊருக்கே செல்லும்! வேலையும் முதலீடும் தெரிவான ஊருக்குத் தாமாகவே வரும் என்பது இதன் நியாயம். பணத்தின் பெரும்பங்கு கழிவை ஏற்காத ஊருக்குச் செல்லும்போது, அப்பணத்தைக் கழிவின் விலையென எவரும் கூறமுடியாது. ஒஸ்தம்மார் நகரசபை 2020இலேயே தன் சம்மதத்தை அளித்தது. பின்லாந்தில் எயுரயோகி ஊர்ச்சபை 2000ஆம் ஆண்டில் 20க்கு 7 என்ற வாக்குகளால் இசைந்தது. அங்கும் மறுக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. இல்லை என்று சொல்லக்கூடியவன் ஆம் என்று சொல்லும்போதே அது சம்மதமாகின்றது.

தென்கொரியாவின் கதை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 2003இல் புவான் மாவட்டத்திற் கலகம் மூண்டபின், 2005 நவம்பர் 2இல் நான்கு ஊர்களில் வாக்கெடுப்பு நடந்தது. 30,000 கோடி வொன் நிதியுடன் கியோங்யு நகரம் 89.5 வீத ஆதரவோடு களஞ்சியத்தை ஏற்றது. ஏற்றது மிகக் கடுங்கதிர்க் கழிவையன்று; அதனை அவ்வூரில் வைப்பதில்லையெனச் சட்டம் உறுதியளித்தது. எனினும் அந்நகரின் எல்லைக்குள் உள்ள வொல்சொங் உலைகளின் எரிந்த கோல்கள் இன்றும் அங்கேயே உள்ளன. அவற்றுக்கான உலர்களஞ்சியம் விரிவாக்கவும்பட்டது. "தற்காலிகம்" என்ற சொல்லை அகராதியினின்றே நீக்கிவிடலாம்.

சம்பூர் சொன்ன விடை

தூரதேசங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. வெருகலுக்கு வடக்கே சம்பூரின் வரலாறே போதியது. 2006இல் அங்கிருந்து மக்கள் வெளியேறினர். 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கு உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இந்தியக் கூட்டுறவுடன் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் உடன்படிக்கை 2006 டிசெம்பரிலேயே கைச்சாத்தாகியிருந்தது. மக்களுக்கு வேறிடத்திற் காணி தருவதாகக் கூறப்பட்டது. பலர் அதனை ஏற்கவில்லை. தகரக் கொட்டிலிலும் மரநிழலிலும் கிளிவெட்டி முதலிய முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். 2015இல் 818 ஏக்கர் காணியை முதலீட்டு வலயமாக்கிய வர்த்தமானி இரத்துச் செய்யப்பட்டு மக்கள் மீளத் தொடங்கினர். நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதென 2016 செப்ரெம்பரில் உயர்நீதிமன்றத்திற்கு அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்குச் சூரியசக்தி மின்நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

வறியவன் பணத்தைக் கண்டால் மயங்குவான் என்று கொழும்பிலிருந்து கூறுவோர்க்குச் சம்பூர் மக்கள் அளித்த விடை இது. கையில் ஒன்றுமில்லாதிருந்தும், கொடுத்ததை வாங்காது, தம்முடையதைக் கேட்டு நின்றார்கள். அவ்வாறு நிற்க அவர்களுக்கு எந்தச் சட்டமும் துணைசெய்யவில்லை. முகாம் வாழ்வையே விலையாகக் கொடுத்து மறுக்கும் உரிமையை வாங்கினார்கள். குடிமகன் ஒருவன் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு ஒன்பதாண்டு முகாமிற் கிடக்க வேண்டுமென்றால், குற்றம் சட்டத்தின்மேலது.

ஆட்சேபங்கள்

ஒவ்வோர் ஊரும் மறுத்தால் கழிவை எங்கே வைப்பது என்பது முதல் ஆட்சேபம். மறுக்கும் உரிமை இருந்த பின்லாந்திலும் சுவீடனிலுமே எரிந்த கோல்களுக்கான உலகின் முதல் ஆழ்நிலக் களஞ்சியங்கள் எழுகின்றன. அதை மறுத்த நெவாடாவிற் பல்லாண்டு வழக்கும் வெறுங்குகையுமே மிஞ்சின. அனுபவம் ஆட்சேபத்துக்கு எதிராகவே நிற்கின்றது. அன்றியும், எந்த ஊரும் ஏற்காத பொருளை உற்பத்தி செய்யாதிருப்பதும் ஒரு தெரிவே.

வறிய பிரதேசங்களுக்கு இப்பணத்தால் வைத்தியசாலையும் வீதியும் பாடசாலையும் கிடைக்குமல்லவா என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுவே மிக இனிமையானது. மிகக் கொடியதும் இதுவே. ஈச்சிலம்பற்றில் வைத்தியரும், பூநகரில் நல்ல பாடசாலையும், ஆற்றுக்கு மேற் பாலமும் இந்நாட்டுக் குடிமக்கள் என்ற ஒரே காரணத்தால் இம்மக்களுக்கு உரியவை. கொழும்பிலே வைத்தியசாலை கட்டும்போது அயலார் எதைச் சுமக்க இசைந்தனர் என்று எவரும் கேட்பதில்லை. உரியதை நெடுங்காலம் கொடாது வைத்திருந்து, பின்னர் அதையே நஞ்சின் விலையாக நீட்டுதல் கொடையன்று. கடனை மறைத்து வட்டி கேட்டல்.

அணுவின் பெயரால் வரும் ஒரு சதத்தையும் தொடலாகாது என்பது மூன்றாவது கட்சி. இது நெஞ்சுரத்தால் எழுவது, மதிக்கத்தக்கது. ஆயினும் கூடங்குளத்துத் தொட்டிகளிற் கோல்கள் ஏற்கனவே கிடக்கின்றன. அவ்வூரார் பணத்தை மறுத்தாலும் காவல் அவர்கள் தலையிலேதான். கூலியின்றிக் காவல் செய்வித்தல் கொள்கைப்பற்றாகாது, அது ஊழியம். ஏற்காத ஊருக்கு மறுப்புரிமை வேண்டும். ஏற்கச் செய்யப்பட்டுவிட்ட ஊருக்குக் கூலியும் கணக்கும் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று முரணானவையல்ல.

வேண்டுவன

இலங்கையில் உலை பற்றிய சட்டம் எதுவும் வருமுன் சில அடிப்படைகள் அச்சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். மறுக்கும் உரிமை பணம் பற்றிய பேச்சுக்கு முன்னதாக வழங்கப்படல் வேண்டும். பணத்தோடு அது மாற்றிக்கொள்ளப்படலாகாது. பாடசாலையும் வைத்தியசாலையும் நட்டஈட்டுக் கணக்கிற் சேர்க்கப்படலாகாது. கொடுக்கப்படுவது ஒரேமுறைத் தொகையாயின், வாங்கியவன் காலத்தோடு அது கரைந்துவிடும். போபாலில் 47 கோடி டொலருடன் 1989இல் கணக்கு முடிக்கப்பட்டது; தொழிற்சாலையிற் கிடந்த 337 தொன் நச்சுக்கழிவோ 2025இலேதான் அவ்வளவிலிருந்து அகன்றது, அதுவும் பீதம்பூர் என்ற வேறோர் ஊரின் எதிர்ப்பின் நடுவே. ஆதலால், கழிவு கிடக்கும் காலமெல்லாம் ஆண்டுதோறும் கூலி செல்லல் வேண்டும். கலம் அகலும் நாளிலேதான் அது நிற்றல் வேண்டும். அதன் ஒரு பகுதி எத்தலைமுறையும் செலவழித்துத் தீர்க்கவியலாத நிதியமாதல் வேண்டும். கதிரளக்கும் கருவியும் அதனை வாசிக்கப் பயின்ற இளைஞரும் ஊரவர் கையில் இருத்தல் வேண்டும். அளந்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் மாதந்தோறும் ஊர்ச்சுவரில் ஒட்டுதல் வேண்டும். அயலூரும் சேர்க்கப்படல் வேண்டும்: வெருகலாறு மாவட்டத்தின் எல்லையே தவிர, காற்றின் எல்லையன்று, கதிரவெளி மீனவனின் கடல் வேறு கடலன்று.

இவற்றையெல்லாம் நிறைவேற்றினால் அணுமின்சாரத்தின் விலை ஏறிவிடும் என்பர். ஏறட்டும். அதுவே அதன் உண்மையான விலை. இதுவரை அது மலிவாய்த் தோன்றியதெல்லாம், விலையின் ஒரு பகுதியை இடிந்தகரையும் லான்யூவும் தம் கடலாற் செலுத்தி வந்தமையாலேயே. மின்விளக்கின் கீழிருந்து நூல் கற்கும் பல்கலைக்கழகத்து மாணவனும், விரிவுரையாளனும், அவ்விளக்கின் சாம்பல் எங்கே கொட்டப்படும் என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். அவ்வினாவை இன்று கேளாதவர்கள், நாளை வெருகற் கரையில் ஒரு படிவம் நீட்டப்படும்போது, அதன்மேல் ஒப்பமிட்டவர்களாகவே கருதப்படுவர்.